பிழையாகப் பூட்டிய தண்டு

எங்கள் கமக்காரர் சங்கத்து உழவு இயந்திரத்தின் தண்டைப் பிழையாகப் பூட்டியவன் நான். அதனால் ஒவ்வொன்றாக உடைந்தவற்றுக்கெல்லாம் சாரதியைக் குற்றம் சாட்டி, அவரை வேலையால் நிறுத்தியவனும் நான். நிறுத்திய மறுநாள் காலையில் பிழை என்னுடையது என்று கண்டேன். ஒருவருக்கும் தெரியாமல் அதைத் திருத்திவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பூட்டியது கைத்தவறு. அது எவருக்கும் நடக்கும். வாயை மூடிக்கொண்டதற்கு அப்படி ஒரு சமாதானமும் கிடையாது.

நான் பொறியியல் படித்தவன். நீர்ப்பாசனப் பகுதியில் உத்தியோகம் பார்த்து, குளக்கட்டுகளுக்கும் மதகுகளுக்கும் பின்னால் நாடு முழுக்கத் திரிந்து, ஓய்வு பெற்று ஊருக்கு வந்தேன். ஊர், புத்தூருக்கும் அச்சுவேலிக்கும் இடையில் ஒன்று. சண்டை முடிந்து சில வருடங்களில், வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் சேர்ந்து ஊர் விவசாயிகளின் சங்கத்துக்கு ஓர் உழவு இயந்திரமும் அதன் பின்னால் பூட்டும் சுழல்கலப்பையும் வாங்கிக் கொடுத்தார்கள். ஊரில் அதை ரொட்டவேற்றர் என்பார்கள். வளைந்த கத்திகள் உருளையோடு சுழன்று செம்மண்ணை மாவாக்கிவிடும். இயந்திரம் ஒன்று வந்ததும், இயந்திரம் படித்தவன் தலைவராக இருக்கட்டும் என்று என்னைத் தெரிவு செய்தார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. ஓய்வு பெற்றவனுக்கு மறுபடி நாலுபேர் எழுந்து இடம் தரும் பதவி.

சாரதிக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். வன்னியில் பெரிய இயந்திரங்கள் ஓட்டிப் பழகியவர். எங்கள் ஊரவர்தான், ஆனால் கோயில் வீதிக்கு மேற்கே உள்ள குடிமனையைச் சேர்ந்தவர். அதன் பொருள் யாழ்ப்பாணத்தவருக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்வதானால், அந்தக் குடிமனை ஆட்கள் எங்கள் தோட்டங்களில் வேலை செய்வார்கள். எங்கள் வீட்டுக்குள் வரமாட்டார்கள். சங்க மண்டபத்தின் முன்பகுதியில் அவர் நிற்பார், சாமிப் படங்கள் இருக்கும் உள்ளறைக்குள் வந்ததில்லை. வராதே என்று யாரும் சொன்னதுமில்லை. சொல்லவேண்டிய தேவையே இல்லாமல் நடந்துகொள்ள வைத்திருந்தோம். நான் அவரை ‘நீ’ என்றுதான் அழைத்தேன். இங்கே ‘அவர்’ என்று எழுதுவதால் அன்று அழைத்தது மாறிவிடப் போவதில்லை.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு இயந்திரத்தை அவர்தான் கழுவினார். மண் ஒட்டிய கத்திகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தார். கையால் தூக்கக் கூடியவற்றை உள்ளறையில் அம்பாள் படத்துக்கு முன்னால் வைப்பது எங்கள் வழக்கம். மண்வெட்டிகள், மருந்தடிக்கும் மிசின்கள், சாவிகள், இவற்றோடு உழவு இயந்திரத்தையும் சுழல்கலப்பையையும் இணைக்கும் தண்டையும் வைத்தோம். இயந்திரத்தின் சுழற்சியைக் கலப்பைக்குக் கொண்டுபோவது அந்தத் தண்டுதான். அவர் அதைக் கழற்றி, கழுவி, உள்ளறை வாசற்படியில் வைத்துவிட்டு விலகினார். அங்கிருந்து நாங்கள் எடுத்துப் போகவேண்டும். பாரமாக இருந்தது. அது ஒன்றுக்குள் ஒன்று நீளும் இரண்டு துண்டுகளால் ஆனது, சதுரக் குழாய்க்குள் சதுர இரும்பு. இழுத்துப் பிரித்தால் தூக்க லேசு என்று சொல்லிப் பிரித்தேன். இரண்டு துண்டுகளுக்கும் சங்கச் செயலாளர் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார்.

விசயதசமி காலையில் நல்ல நேரம் முடிவதற்குள் இயந்திரத்தை ஒருமுறை ஓட்டவேண்டும் என்று ஐயர் அவசரப்படுத்தினார். நான் உள்ளறையில் குந்தியிருந்து இரண்டு துண்டுகளையும் சேர்த்தேன். சதுரம் சதுரத்துக்குள் போனது. அவ்வளவுதான் பார்த்தேன். சேர்த்ததைத் தூக்கி வாசற்படியில் வைக்க, அதே அவசரத்தில் அவர் எடுத்துப்போய் இயந்திரத்தோடு இணைத்தார். தேங்காய் உடைத்தோம். எல்லோரும் அவல் சாப்பிட்டோம். அவருக்கும் முன்பகுதியில் கொடுத்தோம்.

அந்தத் தண்டைப் பற்றி ஒன்று விளக்கவேண்டும். அதன் இரு முனைகளிலும் கவை வடிவில் இரும்பு இருக்கும். இரண்டு கவைகளும் ஒரே பக்கமாக நிற்கவேண்டும். ஒன்று நிமிர்ந்தும் மற்றது படுத்தும் நின்றால், தண்டு சுற்றும்போது ஒரே சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடிக் குறைந்து, கலப்பையைச் சுத்தியலால் அடிப்பதுபோல அடித்துக்கொண்டிருக்கும். சதுரத்துக்குள் சதுரம் நாலு விதமாகப் போகும். இரண்டு விதம் சரி, இரண்டு விதம் பிழை. சரியான இடம் இதுதான் என்று காட்ட இரும்பில் ஒரு குறி அடித்திருந்தார்கள். அதன்மேல் சந்தனம் காய்ந்து கிடந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. படிக்கும் காலத்தில் இதற்குக் கணக்கே செய்து காட்டியிருக்கிறேன்.

அடுத்த கிழமை மழைக்கு முந்திய உழவு தொடங்கியது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இயந்திரம் வேண்டும். முதலில் போல்ற்று ஆணிகள் அறுந்தன. கத்தி கல்லில் சிக்கினால் வேறு எதுவும் உடையாமல் தான் மட்டும் அறுந்து போவதற்கென்றே வைக்கும் சிறிய போல்ற் அது. இடைக்கிடை அறுவது வழக்கம். இப்போது ஒரு தோட்டம் முடிவதற்குள் அறுந்தது. அச்சுவேலியில் வாங்கிய போல்ற் மட்டம் என்று நினைத்து, யாழ்ப்பாணம் போய் நல்லதாக வாங்கி வந்தேன். அதுவும் அறுந்தது.

பிறகு குறோஸ் உடைந்தது. தண்டின் கவையை அதற்கு அடுத்த கவையோடு பிணைக்கும் சிலுவை வடிவத் துண்டுக்கு அப்படிப் பெயர். கழற்றிப் பார்த்தபோது உள்ளே இருந்த ஊசிபோன்ற பெயாரிங்குகள் செம்மண் போலப் பொடியாகிக் கொட்டின. கிறீஸ் அடிக்கவில்லை என்று அவரை ஏசினேன். அவர் கிறீஸ் அடிக்கும் இடத்தை விரலால் வழித்துக் காட்டினார். புதுக் கிறீஸ் இருந்தது. அதற்கு நான், கிறீஸ் மலிவாக இருக்கும் என்றேன்.

அச்சுவேலிக் கராஜில் புதுக் குறோஸ் போட்டார்கள். தண்டைப் பிரிக்க அவர்களுக்கு வேலை இருக்கவில்லை. பூட்டிக் கொண்டுவந்து ஓட்ட, சில நாளில் அதுவும் போனது. எங்கள் தோட்டங்கள் சின்னத் துண்டுகள். வேலிக்கரை வந்ததும் கலப்பையைத் தூக்கித் திருப்பவேண்டும். சுழலவிட்டபடியே தூக்கினால் தண்டு மூட்டில் அளவுக்கு மீறி வளைந்து குறோஸ் நோகும். அவர் அப்படித்தான் செய்கிறார் என்று முடிவு கட்டினேன். வேலியோரம் குடையோடு நின்று பார்த்தேன். அவர் ஒவ்வொரு முறையும் சுழற்சியை நிறுத்திவிட்டுத்தான் தூக்கினார். நான் நிற்பதால் நிறுத்துகிறார் என்று எண்ணிக்கொண்டேன். மேலே உயராதபடி சங்கிலி கட்டினேன். கலப்பையின் சரிவை மாற்றினேன். கத்திகளைக் கழற்றி முறை பார்த்து மீண்டும் பூட்டினேன். புத்தகத்தில் உள்ள காரணங்கள் ஒன்றையும் விடவில்லை. தண்டை மட்டும் பார்க்கவில்லை. தண்டை நான் பூட்டியிருந்தேன்.

அவர் என்னிடம் ஒருநாள் தோட்டத்தில் வைத்துச் சொன்னார். “ஐயா, மிசின் நடுங்குது. சீற்றிலை இருக்கேலாமல் கிடக்கு.”

“கல்லிலை ஏத்தினால் நடுங்கும்தானே.”

“கல்லில்லாத மண்ணிலையும் நடுங்குது. பூசைக்கு முன்னம் உப்பிடி இருக்கேல்லை.”

இந்தக் கடைசி வசனத்தைத்தான் சங்கக் கூட்டத்தில் நான் அவருக்கு எதிராகப் பாவித்தேன்.

கூட்டம் வைக்கவேண்டி வந்ததற்குக் காரணம் மூன்றாவது குறோஸ். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே உடைந்தது. கழன்ற தண்டு சுழன்று அடித்ததில் இயந்திரத்தின் மட்காட் தகடு கிழிந்து விரிந்தது. அவருடைய காலுக்கு ஒரு சாண் அப்பால். கலப்பையின் கியர் பொக்ஸிலிருந்தும் எண்ணெய் ஒழுகத் தொடங்கியது. உழவு நின்றது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கூட்டத்தில் மட்காட்டைப் பற்றி எல்லோரும் கேட்டார்கள், காலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அவர் மண்டபத்தின் முன்பகுதியில் தூணோடு நின்றார். பிழை எங்கே என்று என்னைக் கேட்டார்கள். சாமானில் பிழை இல்லை, பூட்டியதில் பிழை இல்லை, மிச்சம் ஓட்டுவதுதான் என்றேன். அவரே பூசையில் குறை சொல்கிறார் என்றும் சேர்த்துச் சொன்னேன். உள்ளே விடாத கோபத்தில் கதைக்கிறார் என்ற எண்ணம் அங்கிருந்த எல்லோருக்கும் வரும் என்று எனக்குத் தெரியும். வந்தது.

செயலாளர் என்னைவிட இளையவர், நல்ல கமக்காரர், பகிடியாகக் கதைப்பவர். “அப்ப அம்பாள்தான் இறங்கி வந்து குறோஸை உடைக்கிறா எண்டுறாய்?” என்றார்.

மண்டபம் சிரித்தது.

“நான் அப்பிடிச் சொல்லேல்லை, ஐயா. அதுக்குப் பிறகுதான் தொடங்கினது எண்டுதான் சொன்னனான்.”

“அப்பிடியெண்டால் வேறை ஆளை வச்சு ஓட்டிப் பாப்பம். அம்பாளுக்கு உன்னிலைதான் கோபமோ, மிசினிலை கோபமோ எண்டு தெரிஞ்சிடும்.”

அவர் சாவியை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். கையில் கொடுக்கவில்லை. வழக்கமே அப்படித்தான், அதனால் அதைக் கோபம் என்று சொல்ல முடியாது.

மறுநாள் காலை, கராஜுக்குப் போய்த் திரும்பக் காத்திராமல் நானே குறோஸ் மாற்றுவோம் என்று தண்டை என் வீட்டுக் கொட்டிலுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு கட்டைகளின்மேல் நீட்டி வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நேராக இருக்கிறதா என்று ஒரு முனையிலிருந்து மறுமுனையைப் பார்த்தேன். ஒரு கவை நிமிர்ந்து நின்றது. மற்றது படுத்துக் கிடந்தது.

என்ன பார்க்கிறேன் என்று உடனே விளங்கிவிட்டது. காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன். குறி வந்தது. இரண்டு துண்டுகளையும் இழுத்துப் பிரித்து, கால்வாசி திருப்பி, மறுபடி செருகினேன். ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அவருடைய வீடு சைக்கிளில் போனால் தேநீர் ஆறுவதற்குள் போய்ச் சேரும் தூரம். நான் கை கழுவிவிட்டுக் காலைச் சாப்பாட்டுக்குப் போனேன்.

என்னை நானே ஏமாற்றிக்கொள்ள அன்று பல நியாயங்கள் கிடைத்தன. இதுதான் காரணமோ, முதலில் ஓட்டிப் பார்க்கட்டும். மழைக்கு முன் உழவு முடியட்டும், பிறகு சொல்வோம். அவருக்கு வேறு இடத்தில் வேலை கிடைக்கும். இவை ஒன்றும் உண்மையான காரணமல்ல. மண்டபம் முழுவதும் என்னைப் பார்த்துச் சிரிக்கும் என்று பயந்தேன். முதல் நாள் அதே மண்டபம் அவரைப் பார்த்துச் சிரித்தபோது நானும் சிரித்தவன்.

புதுச் சாரதியாகச் செயலாளரின் மருமகனைப் போட்டார்கள். அந்தப் போகம் முழுவதும் ஒரு குறோஸும் உடையவில்லை. எனது திருத்தம் அவருக்கு எதிரான சாட்சியாக மாறிவிட்டது. “பாத்தியளோ அண்ணை, ஆள் மாறினவுடனை மிசினும் திருந்தியிட்டுது” என்று செயலாளர் சொல்லும்போதெல்லாம் தலையாட்டினேன். ஊரில் அவருக்குப் பட்டப்பெயர் விழுந்தது. ‘குறோஸ்’ என்றார்கள். சந்தியில் அவர் சைக்கிளில் போனால், “குறோஸ், பெடலைப் பாத்து மிதி, உடைஞ்சிடும்” என்று பின்னால் குரல் வரும். புத்தூரிலும் அச்சுவேலியிலும் அவரிடம் ஒருவரும் இயந்திரம் கொடுக்கவில்லை. இந்தக் கதை வன்னி வரைக்கும் போனது. அவருக்கு வேறு தொழில் தெரியாது. நான் அறிந்து அவருக்கு வேறு பெருமையும் கிடையாது.

அடுத்த வருடப் பூசைக்கு முன்பே தண்டின் இரண்டு துண்டுகளிலும் வெள்ளைப் பூச்சால் நேர்கோடு போட்டு வைத்தேன். எவர் சேர்த்தாலும் பிழைக்காது. இது என்ன கோடு என்று செயலாளர் கேட்டார். அளவுக்கு என்றேன்.

அதற்கடுத்த வருடமாக இருக்கவேண்டும், திருநெல்வேலிச் சந்தையில் அவரைக் கண்டேன். லொறியிலிருந்து வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். நான் காணாதது போலத் திரும்பினேன். அவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் பின்னால் வந்தார்.

“ஐயா, ஒண்டு கேட்டால் குறை நினையாதேங்கோ. இப்ப ஓட்டுற தம்பிக்கு மிசின் நடுங்குதோ?”

“இல்லை” என்றேன்.

“கொஞ்சமும் இல்லையோ?”

“இல்லை.”

அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். “அப்ப என்ரை கைதான் போலை” என்றார். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. எனக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு லொறிக்குத் திரும்பினார்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சந்தை இரைச்சலில் எங்கள் இருவரைத் தவிர வேறு எவருக்கும் கேட்டிருக்காது. நான் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு பஸ்ஸேறி வீட்டுக்கு வந்தேன்.

பிறகு சில வருடங்கள் போயின. எதையும் சொல்லாமலே நான் செத்திருக்கவும் கூடும். ஒருநாள் ஒரு செத்த வீட்டுக்குப் போய் வந்த என் மனைவி, அவருடைய மனைவியோடு கதைத்ததைச் சொன்னாள். அவருடைய மச்சான், கைப்பிடியைப் பிடித்து நடந்து ஓட்டும் இரண்டு சில்லு உழவு இயந்திரம் ஒன்று வாங்கியிருக்கிறாராம். ஓட்டித் தரச் சொல்லிக் கேட்டும் அவர் தொடவே மாட்டேன் என்கிறாராம். என் கைக்கு மிசின் ஒத்துவராது, உன்ரையையும் உடைச்சுப்போடுவன் என்கிறாராம். மனைவி இதை ஒரு புதினமாகத்தான் சொன்னாள். நான் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு எழுந்துபோய் உலையில் அரிசி போட்டாள். படுக்கப்போகும் முன், “எனக்குச் சொல்லி என்ன?” என்று மட்டும் கேட்டாள்.

சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் எழுந்து சொன்னேன். பூசையன்று பிரித்ததையும் பிழையாகச் சேர்த்ததையும், பிறகு கண்டதையும் மறைத்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். சிரிப்பார்கள் என்று இத்தனை வருடம் பயந்திருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நம்பவுமில்லை. இஞ்சினியர் ஐயாவுக்குப் பிழை வருமோ என்று பின்னால் யாரோ சொன்னார். செயலாளர் என் கையைப் பிடித்து இருத்தினார். “அண்ணை, ஒராள் வேலையாலை நிண்டதுக்காக நீங்கள் பழியைத் தூக்கித் தலையிலை போடத் தேவையில்லை” என்றார். தண்டை மறுபடி பிழையாகப் பூட்டி ஓட்டிக் காட்டுகிறேன் என்றேன். ஓடும் இயந்திரத்தை உடைத்துப் பார்ப்பதா, அதுவும் மழைக்காலம் வரும் நேரத்தில் என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. நன்றியுரை சொன்னவர் என் பெரிய மனதைப் பற்றி நாலு வசனம் சேர்த்துச் சொன்னார். குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு எனக்குக் கிடைத்தது இன்னும் கொஞ்சம் மரியாதை.

பிறகுதான் அவருடைய வீட்டுக்குப் போனேன். வரிசையை மாற்றியிருக்கவேண்டும். முதலில் அவரிடம் போயிருக்கவேண்டும்.

அவர் முற்றத்தில் கிழிந்த சாக்குகளைத் தைத்துக்கொண்டிருந்தார். கதிரை எடுத்து வந்து போட்டார். தான் நின்றார். “நீங்களும் இருங்கோ” என்றேன். அவரிடம் நான் ‘நீங்கள்’ என்றது அதுதான் முதல் தடவை. அவர் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கதவடியில் நின்ற அவருடைய மனைவி கவனித்தார். நான் சொன்னேன். பாதியில் அவர் சாக்கைக் கீழே வைத்தார். தண்டின் கவைகள் எப்படி நின்றன என்று கையால் காட்டச் சொன்னார். இரண்டு கைகளையும் கவைபோலப் பிடித்துக் காட்டினேன். தன் கைகளாலும் ஒருமுறை பிடித்துப் பார்த்தார்.

“எப்ப கண்டனியள்?”

“நீங்கள் சாவி வச்சிட்டுப் போன அடுத்த நாள்.”

“அடுத்த நாளோ.”

அவருடைய மனைவிதான் பேசினார். “இவர் படுக்கையிலையும் கையைக் கையைப் பாத்தவர், ஐயா. இரத்தம் சோதிச்சம். நரம்பிலை ஏதும் வருத்தமோ எண்டு ஆசுபத்திரிக்கும் போனம்.”

“நான் சந்தையிலை கேட்டனான்தானே, ஐயா” என்றார் அவர்.

ஓம் என்றேன். மறுபடி சங்கத்து இயந்திரத்தை ஓட்ட வரும்படி கேட்டேன். கூட்டத்தில் இரக்கப்பட்டு அதற்கு மட்டும் சம்மதித்திருந்தார்கள். வேண்டாம் என்றார். என்னால் என்ன செய்யமுடியும் என்று கேட்டேன். அவர் யோசித்தார். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

“எங்கை வச்சுப் பூட்டினியளோ அங்கை வச்சுச் சொல்லுங்கோ. நானும் அந்த அறைக்குள்ளை நிக்க வேணும். பூசை அண்டைக்கு, எல்லாரும் நிக்கேக்கை.”

நான் ஒப்புக்கொண்டேன். சின்ன விடயம் என்று நினைத்தேன். அறுபது வருடத்துக்கு மேல் இந்த மண்ணில் சாப்பிட்டவன், அதைச் சின்ன விடயம் என்று நினைத்தது எப்படி என்று இப்போதும் விளங்கவில்லை.

நிர்வாகக் குழுவில் இதைச் சொன்னதும், ஒருவரும் முடியாது என்று சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். இந்தக் காலத்தில் யார் அதெல்லாம் பார்க்கிறார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அறை சின்னது, சனம் கூடிவிட்டது என்று ஒருவர் தொடங்கினார். கற்பூரப் புகை வயதானவர்களுக்கு ஒத்துவராது என்றார் இன்னொருவர். கடைசியில், அந்த வருடம் தொடக்கம் ஆயுத பூசையை உள்ளறையில் வைக்காமல் இயந்திரம் நிற்கும் வெளிக் கொட்டிலில் வைப்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். அங்கே யாரும் வந்து நிற்கலாம். நான் எதிர்த்துக் கதைத்தேன், தலைவர் பதவியை விடுகிறேன் என்றேன். வயது போன நேரத்தில் ஓய்வு நல்லதுதான் என்று ஏற்றுக்கொண்டார்கள். மூன்று கிழமையில் செயலாளர் தலைவரானார்.

அந்தத் தீர்மானத்தை அவரிடம் போய்ச் சொல்லவேண்டியது நான்தான். கேட்டுவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அதற்கு முன் நான் கண்டதில்லை.

“என்னை உள்ளுக்கை விடேலாமல் அம்பாளை வெளியிலை எடுத்திட்டினமோ. பாவம், அவவுக்கும் வேலை போயிட்டுது.”

பூசைக்கு அவர் வரவில்லை. கொட்டிலில் தேங்காய் உடைக்க முன், நான் எல்லோர் முன்னாலும் மறுபடி ஒருமுறை சொன்னேன். ஐயர் நேரம் போகிறது என்றார். கேட்டவர்களில் சிலர் அன்று நம்பியிருக்கலாம், முகத்தைப் பார்க்க அப்படித்தான் இருந்தது. ஆனால் பட்டப்பெயர் போகவில்லை. அது இப்போது எப்படி வந்தது என்று தெரியாத பிள்ளைகளின் வாயிலும் இருக்கிறது.

அவருடைய மனைவி என் மனைவியிடம் சொல்லி, அவள் எனக்குச் சொன்ன செய்தி ஒன்று மட்டும் மிச்சம். சில மாதங்களுக்குப் பிறகு, ஒரு பின்னேரம் அவர் தானாகவே மச்சானின் இரண்டு சில்லு இயந்திரத்தை எடுத்துத் தோட்டத்துக்குப் போயிருக்கிறார். அன்று தொடக்கம் ஓட்டுகிறார். நான் ஒருநாள் தெருவில் நின்று பார்த்தேன். ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு உழுகிறார். வேலியடிக்கு வந்ததும் நிறுத்துகிறார். குனிந்து, நடுங்குகிறதா என்று இயந்திரத்தின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பிடித்துப் பார்க்கிறார். பிறகு திருப்பி மறு கரைக்கு உழுகிறார். அங்கும் நிறுத்துகிறார்.

வெங்காயம் நடுகிற காலத்தில் அவரைக் கூலிக்குக் கூப்பிடச் சொல்லி ஊரில் நாலைந்து பேரிடம் போய்க் கேட்டேன். ஆள் நல்லவர், நன்றாகத்தான் உழுகிறார், ஆனால் மெத்தச் சுணக்கம் என்கிறார்கள். அவர் ஒரு துண்டு உழுவதற்குள் மற்றவர்கள் இரண்டு துண்டு உழுதுவிடுகிறார்களாம்.